சிறு பழக்கங்களை வைத்து ஒருவரை மதிப்பிடுவது எப்படி, எங்கே நிறுத்துவது

வாசலில் செருப்பை விடும் விதம், டீக்கடையில் சில்லறையை எண்ணும் விதம், வாட்ஸ்அப்பில் வெறும் "ம்" என்று பதில் போடும் வழக்கம், பேசும்போது காலை ஆட்டிக்கொண்டே இருப்பது என்று சின்னஞ்சிறு செயல்களை வைத்து நாம் மனிதர்களை ஓயாமல் எடைபோட்டுக்கொண்டிருக்கிறோம். அப்படிச் செய்யாதீர்கள் என்று புத்தி சொல்வதில் பயனில்லை. வீடு பார்க்க வந்தவருக்குச் சாவியைக் கொடுக்கலாமா என்பதை வீட்டுக்காரர் அரை மணி நேரத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கடைக்குக் கணக்கு எழுத ஆள் தேடுபவர் ஒரே மாலையில் நான்கு பேரைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பெண் பார்க்கப் போகிறவர்களுக்குக் கிடைப்பதோ சொஜ்ஜியும் பஜ்ஜியும் தீரும் வரையிலான நேரம்தான். கையில் இருக்கும் தடயம் சிறியதே என்றாலும் அதைப் பயன்படுத்தாமல் யாராலும் இருக்க முடியாது. ஆகவே மதிப்பீடு நடக்கத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு, ஒரு பழக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நின்றுவிட வேண்டும், நின்ற பிறகு மீதியை எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்பதை இங்கே பார்க்கலாம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் இந்த மதிப்பீட்டுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் நியாயம். பானையைப் பொறுத்தவரை அது மிகச் சரியான நியாயமும்கூட. எல்லா அரிசியும் ஒரே உலையில், ஒரே தீயில், ஒரே நேரம் கிடந்தவை என்பதால் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் போதும். ஒரு மனிதருடைய செயல்கள் அப்படி ஓர் உலையில் வெந்தவை அல்ல. அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரு ஆய்வாளர்கள் 1920களில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல இடங்களில், பல விதங்களில் ஏமாற்றுவதற்கான வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுத்து, யார் எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று பார்த்தார்கள். 1928இல் வெளியான அவர்களது முடிவு அன்றைக்குப் பலரைத் திகைக்க வைத்தது. ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை வேறோர் இடத்திலும் ஏமாற்றும் என்று சொல்லிவிட முடியவில்லை. விடைகளைத் திருட்டுத்தனமாகத் திருத்துவதற்கும் காசில் கை வைப்பதற்கும் இடையிலான தொடர்பு பலவீனமாகவே இருந்தது. பிற்காலத்தில் இதே தரவை மறுபடி அலசியவர்கள், பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு ஒழுங்கு தெரியத்தான் செய்கிறது என்று காட்டினார்கள். நமக்கு வேண்டியது இந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்த பாடம். ஒரு பருக்கை எதையும் சொல்லாது. வெவ்வேறு இடத்தில் எடுத்த பல பருக்கைகள் ஏதோ சொல்லும்.

பார்த்ததை மட்டும் முதலில் எழுதுங்கள்

ஒருவரைப் பற்றி மனத்தில் ஒரு சொல் விழுந்தவுடன், அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு, அதற்குக் காரணமான காட்சியை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். "கஞ்சர்" என்பது காட்சி ஆகாது. "ஆட்டோவிலிருந்து இறங்கியவர், மீதிப் பத்து ரூபாய்க்காக ஓட்டுநர் பக்கத்துக் கடையில் சில்லறை மாற்றி வரும்வரை நின்றார்" என்பதுதான் காட்சி. எழுதும் வரி தெருமுனைக் கண்காணிப்பு கேமராவில் பதிவாகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. கேமராவில் கஞ்சத்தனம் பதிவாகாது, ஒருவர் நிற்பது மட்டுமே பதிவாகும். திமிர் பதிவாகாது, வணக்கம் சொன்னவரைப் பார்க்காமல் கடந்துபோனது மட்டுமே பதிவாகும்.

அந்த வரிக்குக் கீழே, இதை எத்தனை முறை பார்த்தீர்கள், எங்கே பார்த்தீர்கள், அப்போது உடன் யார் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான முடிவுகள் இந்த இடத்திலேயே தளர்ந்துவிடும். ஏனென்றால் "எப்போது பார்த்தாலும் போனைத்தான் நோண்டிக்கொண்டிருப்பார்" என்று நாம் உறுதியாகச் சொல்லும் ஆளை நாம் பார்த்ததே இரண்டு முறையாக இருக்கும், அதுவும் இரண்டு முறையும் மருத்துவமனை வராந்தாவாக இருக்கும்.

காரணங்களை அடுக்குங்கள்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான். பார்த்த பழக்கத்துக்குக் குணம் என்ற ஒன்றை விட்டுவிட்டு, வேறு மூன்று காரணங்களையாவது எழுத வேண்டும். எழுதுவதற்கு உதவியாகச் செய்த தொழில், வளர்ந்த வீடு, உடம்பு, அந்த நேரத்து நெருக்கடி என்ற நான்கு திசைகளில் தேடலாம்.

தொழிலிலிருந்து தொடங்கலாம். பள்ளிபாளையம், சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவர்களோடு பேசிப் பழகாத ஒருவருக்கு, அவர்கள் சாதாரணமாகப் பேசுவதே சண்டைக்கு வருவதுபோலத் தோன்றும். தறி ஓடும் இரைச்சலுக்கு மேலே குரலை எழுப்பினால்தான் பக்கத்துத் தறிக்காரருக்குக் கேட்கும் என்ற நிலையில் பல ஆண்டுகள் பேசியவர், கூடத்தை விட்டு வெளியே வந்த பிறகும் அதே குரலில்தான் பேசுவார். அந்த இரைச்சலில் காதும் கொஞ்சம் மந்தப்பட்டிருக்கும் என்பதால், தம் குரல் எவ்வளவு உரக்க இருக்கிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். வாடகைக்கு வீடு கேட்டு வந்த இப்படிப்பட்டவரை "சத்தக்காரர், குடும்பத்தில் தினமும் தகராறாக இருக்கும்" என்று திருப்பி அனுப்பும் வீட்டுக்காரர், ஒரு தறிக்கூடத்தின் இரைச்சலைத்தான் அவருடைய குணம் என்று எண்ணிக்கொள்கிறார். இதுபோலவே பந்தியில் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் இலையை மூடிவிடுகிறவர் பேராசைக்காரராக இருக்க வேண்டியதில்லை. பேருந்து நடத்துநராகவோ, இரவுப் பணிச் செவிலியராகவோ, மணி அடித்தவுடன் சாப்பாட்டுக் கூடத்தைச் சாத்திவிடும் விடுதியில் படித்தவராகவோ இருந்தால் போதும்.

வளர்ந்த வீட்டுக்கும் காலத்துக்கும் வரும்போது கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. காலியான பாட்டிலைத் தூக்கி எறியாமல் கழுவிக் கவிழ்த்து வைப்பவரை, தீப்பெட்டியும் மெழுகுவர்த்தியும் சோப்பும் அலமாரி நிறையச் சேர்த்து வைப்பவரை "எதையும் விடமாட்டார், அற்பத்தனம்" என்று சொல்லிவிடுவது எளிது. 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த குடும்பங்களை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மண்ணெண்ணெய், சோப்பு, பேட்டரி ஆகியவற்றுக்கெல்லாம் தட்டுப்பாடு இருந்த அந்தக் காலத்தில், ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு எரித்த விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். பேட்டரி இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதியைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்டார்கள். அந்த வீட்டில் வளர்ந்த ஒருவர் இன்று டொரன்டோவிலோ சென்னையிலோ ஒரு காலிப் போத்தலைக் குப்பையில் போடத் தயங்கினால், அது அவர் கடந்து வந்த காலம். அதே ஆள் ஒரு நண்பருக்குப் பெருந்தொகையைக் கணக்குப் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பதை நீங்கள் பார்க்க நேர்ந்தால் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை.

விருந்தில் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும், எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டுக்குரியது என்று பல வீடுகளில் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்படியொன்று உண்டென்றே அறியாத வீடுகளும் ஏராளம். மாற்றி மடித்தவருக்கு உறவைப் பேணும் எண்ணம் இல்லை என்று மண்டப வாசலில் முணுமுணுப்பவர்கள், மடிப்பைப் பார்த்தார்களே தவிர மனத்தைப் பார்க்கவில்லை.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். "காலை ஆட்டாதே, வீட்டில் காசு தங்காது" என்று பெரியவர்கள் அதட்டும் அந்தப் பழக்கத்துக்குப் பின்னால், உட்கார்ந்தால் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத ஒரு நரம்புக் கோளாறு சிலருக்கு இருக்கும். இரும்புச்சத்துக் குறைவோடு அதற்குத் தொடர்பு உண்டு. கை நடுக்கம் தைராய்டு மிகைச் சுரப்பாலும் வரும். கூப்பிட்டால் திரும்பாதவருக்கு அந்தப் பக்கத்துக் காது கேட்காமல் இருக்கலாம்.

நேர நெருக்கடியைப் பலரும் காரணமாகவே எண்ணுவதில்லை. ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்ற உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 1973இல் வெளியானது. பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லப்பட்டது; போகும் வழியில் ஒருவர் முனகியபடி சுருண்டு கிடந்தார். நேரம் தாராளமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் அவருக்கு உதவ நின்றார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான் நின்றார்கள். மாணவர்களில் பாதிப் பேர் ஆற்றவிருந்த சிற்றுரையே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றியது. சமயப் பணிக்காகப் படிக்கும் இளைஞர்களே கடிகாரத்தைப் பார்த்து நடந்தார்கள் என்றால், எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர் உங்கள் வணக்கத்துக்குப் பதில் சொல்லாததை வைத்து அவருடைய பணிவைக் கணிக்க முடியாது.

காரணங்களை மனத்தில் நினைத்தால் போதாதா, ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். போதாது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. 1967இல் வெளியான ஓர் ஆய்வில் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இருவர், ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவருக்கு மேலிருந்து விதிக்கப்பட்டது, அவர் விரும்பித் தேர்ந்ததில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளராகத்தான் இருக்க வேண்டும் என்ற பக்கமே படித்தவர்களின் கணிப்பு சாய்ந்தது. சூழ்நிலையை அறிந்த பிறகும் நாம் ஆளின் குணத்தைத்தான் காரணமாக்குகிறோம். நம் விஷயத்தில் மட்டும் இது தலைகீழாகிவிடும்: நாம் தாமதமாகப் போனால் மேம்பாலத்தில் நெரிசல், அவர் தாமதமாக வந்தால் பொறுப்பின்மை. எழுதிவைத்த மூன்று காரணங்கள் கண்ணெதிரே இருந்தால்தான் இந்தச் சாய்வுக்குக் கொஞ்சமாவது தடை விழும்.

தந்திரச் சோதனைகளைத் தவிருங்கள்

ஒரே பழக்கத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற ஆசைக்குப் பழைய கதைகள் நிறையத் தீனி போட்டிருக்கின்றன. வேலைக்கு வந்தவரை விருந்துக்கு அழைத்த முதலாளி, சாப்பாட்டைச் சுவைத்துப் பார்க்கும் முன்பே அவர் உப்பைத் தூவியதைக் கண்டு, ஆராயாமல் முடிவெடுப்பவர் என்று நிராகரித்துவிட்டாராம். அந்த முதலாளி எடிசன் என்பார்கள், ஹென்றி ஃபோர்டு என்பார்கள், வேறு சிலரின் பெயரையும் சொல்வார்கள். ஆள் மாறிக்கொண்டே இருப்பதிலிருந்தே கதையின் தரம் விளங்கிவிடும். உண்மையிலேயே நடந்திருந்தால்கூட, ஒரு முறை உப்புத் தூவியதைப் பார்த்து ஒரு மனிதரின் தீர்மானிக்கும் திறனை முடிவு செய்தவர்தான் ஆராயாமல் முடிவெடுத்தவர்.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு இன்னும் சுவையானது. ஆஸ்திரேலியாவில் ஒரு கணக்கு மென்பொருள் நிறுவனத்தின் தலைவர், நேர்காணலுக்கு வருகிறவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுத்து, பேச்சு முடிந்ததும் காலிக் கோப்பையைத் தாமே சமையலறைக்குக் கொண்டுபோக முன்வருகிறாரா என்று பார்ப்பதாக 2019இல் சொன்னார். முன்வராதவருக்கு வேலை இல்லை. இந்தச் செய்தி உலகம் முழுவதும் சுற்றியது; நம் ஊரிலும் "எவ்வளவு அருமையான சோதனை" என்று பகிர்ந்தவர்கள் ஏராளம்.

இதை இங்கே நடத்திப் பார்ப்போம். நம் வீடுகளில் விருந்தாளி காபி குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தால் "வைங்க வைங்க, நான் எடுத்துக்கறேன்" என்று வீட்டுக்காரர் பாய்ந்து வருவார். மேலும் வற்புறுத்தினால் அது உபசரிப்பைக் குறை சொல்வதுபோல ஆகிவிடும். நல்ல வளர்ப்பு என்று இங்கே பலருக்கும் சொல்லிக் கொடுக்கப்பட்டது, டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்வதுதான். அலுவலகத்தில் டீ கொண்டுவரும் அக்கா காத்துக்கொண்டிருக்கும்போது, நேர்காணலுக்கு வந்த பட்டதாரி சமையலறை எங்கே என்று தேடிக்கொண்டு போவது அத்துமீறலாகக்கூடத் தோன்றும். இவற்றுக்கெல்லாம் மேலாக, குவளை என்பது நம் ஊரில் சாதாரணப் பொருள் அன்று. டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்து, குடித்த குவளையைத் தாமே கழுவி வைத்துவிட்டுப் போகும்படி சாதியின் பெயரால் கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நேர்காணலுக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் டம்ளரை எடுத்துப்போவதற்கும் எடுக்காமல் வைப்பதற்கும் என்ன பொருள் என்பதை மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எங்கிருந்து அறிவார்?

பொய்யைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லப்படும் சோதனைகளும் இதே ரகம். கண்ணைப் பார்த்துப் பேசாதவர் பொய் சொல்கிறார் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியிருப்பது, 75 நாடுகளை உள்ளடக்கி 2006இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அதே ஆண்டு சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பார்த்தும் கேட்டும் பொய்யை மெய்யிலிருந்து பிரித்தறிவதில் மனிதர்களின் வெற்றி சராசரியாக 54 விழுக்காடுதான் என்று கண்டார்கள். நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைத்துவிடும். பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்திப் பேசுவதை மரியாதையாகக் கற்றுக்கொடுக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கும் ஊரில் இந்தச் சோதனையின் பயன் இன்னும் குறைவு.

எந்தப் பழக்கம் ஓரளவு சொல்லும்

ஒரு பழக்கம் நம்பத்தகுந்த விதத்தில் முன்னறிவிப்பது அதே பழக்கத்தைத்தான். ஒவ்வொரு முறையும் மின்கட்டணத்தைக் கடைசி நாளுக்கு முன்பே கட்டுகிறவர், வாடகையையும் நேரத்தில் கொடுக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இரண்டும் ஒரே வகைச் செயல். அதிலிருந்து அவர் மனைவியிடம் அன்பாக இருப்பார் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. பழக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே எத்தனை படிகள் தாண்டுகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒரு படிக்கு மேல் போனால் ஊகம் மட்டுமே மிஞ்சும்.

இடங்களும் ஓரளவு பேசும். சாம் காஸ்லிங்கும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களின் 94 அலுவலக இடங்களையும் 83 படுக்கையறைகளையும் பார்வையாளர்களுக்குக் காட்டி, அங்கே இருப்பவரின் இயல்பைக் கணிக்கச் சொன்னார்கள். புதியவற்றில் நாட்டம், ஒழுங்கு ஆகியவற்றைப் பார்வையாளர்கள் ஓரளவு சரியாகவே கணித்தார்கள். இணக்கமானவரா, இரக்கம் உள்ளவரா என்பதில் அவ்வளவு வெற்றி கிடைக்கவில்லை. இது எதிர்பார்க்கக்கூடியதே. புத்தக அடுக்கு வாசிப்பின் எச்சம், மடித்த துணி மடித்ததன் எச்சம். இரக்கம் அறையில் எச்சத்தை விட்டுவைப்பதில்லை.

ஓட்டலில் சர்வரிடம் நடந்துகொள்வதைப் பார்த்து ஆளை அறியலாம் என்று பலர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அது குணத்தின் குறியீடாக எடுத்துக்கொள்ளப்படும் வேறொரு செயல் இல்லை. ஒரு மனிதரை நடத்தும் செயலே. ஆயினும் ஒரு முறை கடுகடுத்ததை வைத்து முடிவுகட்டாமல், வெவ்வேறு நாட்களில், கூட்டமான நேரத்திலும் ஓய்வான நேரத்திலும் பார்த்த பிறகே அதற்கு எடை கொடுக்கலாம்.

ஒரு பழக்கம் மற்ற எல்லாவற்றின் மேலும் சாயத்தைப் பூசிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 1920இல் எட்வர்ட் தார்ன்டைக், படை அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு இட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்தபோது, உடற்கட்டும் அறிவும் தலைமைப் பண்பும் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் கண்டார். ஒன்றில் உயர்வாகத் தெரிந்தவருக்கு எல்லாவற்றிலும் உயர்வான மதிப்பீடு விழுந்திருந்தது. நம் பள்ளிகளில் முத்து முத்தான கையெழுத்துக்கு நடப்பதும் இதுதான். ஆகவே ஒவ்வொரு தன்மைக்கும் தனித்தனியே சான்று கேளுங்கள். "சுத்தமாக உடுத்தியிருக்கிறார்" என்ற ஒரே வரி நேர்மைக்கும் உழைப்புக்கும் பொறுமைக்கும் சாட்சியாக வந்து நின்றால், அதை ஓரிடத்தில் மட்டும் அனுமதியுங்கள்.

பழக்கத்தைப் பார்க்கிறீர்களா, பிறப்பைப் பார்க்கிறீர்களா

வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். "நீங்க சைவமா?" என்ற கேள்வி உணவுப் பழக்கத்தைப் பற்றியதுபோல ஒலிக்கும்; தமிழ்நாட்டு நகரங்களில் அந்தக் கேள்வியால் பலர் அறிய விரும்புவது வேறு ஒன்று என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தண்ணீரை அண்ணாந்து குடிப்பதா வாய் வைத்துக் குடிப்பதா, பேச்சில் எந்த ஊர் வாடை அடிக்கிறது, நெற்றியில் என்ன இருக்கிறது, மகளை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பவையெல்லாம் பழக்கம் என்ற போர்வையில் வந்து, சாதியையும் மதத்தையும் காட்டிக்கொடுக்கும் தடயங்களாகப் பயன்படுகின்றன. "நான் ஆளின் சுத்தத்தைத்தான் பார்த்தேன்" என்று சொல்லிக்கொள்பவர் பல நேரங்களில் தாம் பார்த்தது எது என்று தமக்கே ஒப்புக்கொள்வதில்லை.

இதற்கு ஒரு சோதனை உண்டு. அதே பழக்கத்தை உங்கள் சித்தப்பா மகன் செய்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவு பதினோரு மணிக்குச் சத்தமாகச் சிரித்துப் பேசுவது அவனிடத்தில் "கலகலப்பு" ஆகவும், குடிவந்தவரிடத்தில் "அவங்க அப்படித்தான்" ஆகவும் தெரிந்தால், உங்கள் முடிவு பழக்கத்திலிருந்து வரவில்லை. அந்த முடிவை அப்படியே கிழித்துப் போட்டுவிடலாம். திருத்திப் பயன்படுத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை.

முடிவெடுத்தே ஆக வேண்டுமென்றால்

வேலைக்கு ஆள் எடுக்கும்போது, அந்த வேலையின் ஒரு துண்டைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். கணக்கெழுத வந்தவரிடம் ஒரு நாள் பில் கட்டையும் கல்லாவில் இருந்த தொகையையும் கொடுத்து, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். அவர் கையெழுத்து, சட்டைப் பித்தான், காலாட்டம் எல்லாம் பின்னால் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் அந்த உழைப்புக்குக் கூலி கொடுப்பது முறை. நேர்காணல் செய்கிறீர்கள் என்றால், வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் உடனுக்குடன் மதிப்பெண் இடுங்கள். மனம்போன போக்கில் பேசி ஆளை உணர்ந்துகொள்ளும் நேர்காணலைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்பது ஆள்தேர்வு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான முடிவு.

வாடகைக்கு விடுவதானால், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் வாடகை வந்த தேதியையும் காலி செய்தபோது வீடு இருந்த நிலையையும் மட்டும் கேளுங்கள். "ஆள் எப்படி?" என்று கேட்டால் அவருடைய ஊகத்தைத்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள். திருமணப் பேச்சில் இப்படி ஒரு துண்டு வேலை கொடுத்துப் பார்க்க வழியில்லை என்பதால், பார்க்கும் தடவைகளைக் கூட்டுவது ஒன்றே வழி. பெரியவர்கள் சூழ்ந்திருக்கும் கூடத்தில் ஒரு முறை பார்த்ததை வைத்து "அமைதியான பெண்" என்று சொல்வது, அந்தக் கூடத்தின் அமைதியை அவள்மேல் ஏற்றிச் சொல்வதுதான்.

பழக்கத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டுவிடுவது பல நேரங்களில் எல்லா ஆராய்ச்சியையும் மிச்சப்படுத்தும். ஆனால் கேள்வியில் தீர்ப்பு கலக்கக் கூடாது. "ஏன் தம்பி எப்பவும் லேட்டா வர்றீங்க?" என்பது கேள்வி இல்லை, குற்றச்சாட்டு. "தம்பி, இந்த வாரம் ரெண்டு நாள் ஒன்பதரைக்கு வந்தீங்க, பஸ் ஏதாவது மாறிடுச்சா?" என்றால் பார்த்ததைச் சொல்லி, ஒரு காரணத்தை முன்வைத்து, மறுப்பதற்கும் இடம் விட்டிருக்கிறீர்கள். வயதில் மூத்தவரிடம் என்றால் நாலு பேர் முன்னால் கேட்காமல் தனியே கேளுங்கள். கூட்டத்தில் கிடைக்கும் பதில் கூட்டத்துக்கான பதிலாகத்தான் இருக்கும்.

உங்கள் கணிப்பை அவரிடமே சொல்லி, அவர் தலையாட்டினால் அதைச் சான்றாக எண்ணிவிடாதீர்கள். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கும் தனித்தனியே தயாரித்த ஆளுமைக் குறிப்பு என்று சொல்லி ஒரே குறிப்பைக் கொடுத்தார். அதன் வரிகளில் பலவற்றைக் கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். மாணவர்கள் அதன் துல்லியத்துக்கு ஐந்துக்குச் சராசரியாக 4.26 கொடுத்தார்கள். "நீங்க வெளியில கடுமையா இருந்தாலும் உள்ளுக்குள்ள இளகின மனசு" என்றால் யார்தான் இல்லை என்பார்?

பிறகு, சொல்வதில் கவனம். நீங்கள் பார்த்த காட்சி உங்களிடமே தங்கிவிடும். நீங்கள் வைத்த பெயர் மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏறி, பார்க்காதவர்களிடமும் போய்ச் சேரும். 1946இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு கற்பனை மனிதரைப் பற்றி ஏழு சொற்கள் கொண்ட பட்டியலைப் படித்துக் காட்டினார். அதில் "அன்பானவர்" என்ற பொருளில் வந்த ஒரே சொல்லை "ஒட்டாதவர்" என்ற பொருளுள்ள சொல்லாக மாற்றியதும், கேட்டவர்கள் மனத்தில் முற்றிலும் வேறொரு மனிதர் உருவானார். மற்ற ஆறு சொற்களும் மாறவே இல்லை. எனவே யாராவது விசாரித்தால் பெயரைச் சொல்லாமல் காட்சியைச் சொல்லுங்கள்: "ரெண்டு தடவை பார்த்தேன், ரெண்டு தடவையும் அதிகம் பேசலை." கேட்பவர் தம் முடிவைத் தாமே எடுத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, உங்கள் கணிப்புகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் வையுங்கள். "வாடகையை இழுத்தடிப்பார்", "மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போய்விடுவார்" என்று பிற்பாடு சரிபார்க்கக்கூடிய வடிவில் எழுதுங்கள். "நம்பகமில்லாதவர்" என்று எழுதினால் எந்தக் காலத்திலும் சரிபார்க்க முடியாது. வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாளிலோ, புதிய ஊழியரின் தகுதிகாண் பருவம் முடியும் நாளிலோ அந்தப் பக்கத்தைத் திறந்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எதிரே குறித்துவிடுங்கள். வீட்டை வாடகைக்குக் கொடுக்காமலும் வேலைக்கு எடுக்காமலும் திருப்பி அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்பது அந்த நோட்டில் வராது. ஆகவே அந்தப் பெயர்களுக்கு எதிரே உள்ள கட்டத்தைச் சரி என்று நிரப்பாமல் வெற்றாகவே விட்டுவிடுங்கள்.